பருவங்களைப் பார்த்து அரூப ஓவியம் வரைபவரின் வேலை எப்படி நடக்கிறது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். நிலக்காட்சி நன்றாக வருகிறதாம், ஆனால் மனம் அரூப ஓவியத்தின் (அடையாளம் காணக்கூடிய உருவம் இல்லாத ஓவியம்) பக்கம் போகிறதாம். அவருடைய கேள்வியில் மூன்று பகுதிகள். இயற்கையைப் பார்த்து அரூபமாக வரைகிறேன் என்று சொல்லும் ஓவியர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? வருடம் முழுக்க அவர்கள் வேலை எப்படி நடக்கிறது? நம் கடற்கரையை விட்டுப் போகாமல் இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

நான் புதுச்சேரியில் இருந்து வரைகிறேன். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இந்த மாதிரிக் கேள்விக்கு "உள்ளுணர்வு", "ஆன்மத் தேடல்" என்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. கற்றுக்கொள்ள வருகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

முதல் கேள்விக்கு நம் அகத்திணை இலக்கணத்திலேயே நல்ல பதில் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் மரம், பறவை, தொழில், உணவு, பறை எல்லாம் கருப்பொருள். மனத்தில் நடப்பது உரிப்பொருள். உருவ ஓவியர் கருப்பொருளை வரைகிறார்: படகு, புன்னை மரம், வலை இழுக்கும் ஆள். அவற்றின் வழியாக நிலமும் பொழுதும் மனமும் நமக்கு வந்து சேர்கின்றன. அரூப ஓவியர் நடுவில் இருக்கும் கருப்பொருளை எடுத்துவிட்டு, நிலத்திலிருந்தும் பொழுதிலிருந்தும் நேராக உணர்வுக்குப் போகப் பார்க்கிறார். படத்தில் படகு இருக்காது. படகு கரையேறும் நேரத்து வெளிச்சம் இருக்கும், காற்றில் உள்ள ஈரம் இருக்கும், அந்த நேரத்து மனக்கனம் இருக்கும். கருப்பொருள் இல்லாமல் இதெல்லாம் நிற்க வேண்டும் என்பதால்தான் இது கடினமான வேலை.

நெய்தலுக்கு இலக்கணம் கொடுத்த சிறுபொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாயும் நேரம். நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலுக்குள் மறையாது, நம் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் இறங்கும். பலர் அதனால் இங்கே மாலையில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள். தை, மாசி மாதத்தில், மேகம் இல்லாத ஒரு மாலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ உங்கள் தேவனாம்பட்டினத்திலோ நின்று கிழக்கே பாருங்கள். சூரியன் இறங்கிய சற்று நேரத்தில், கடலும் வானமும் சேரும் இடத்தில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும்பும். அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை. கீழே உள்ளதை மேகம் என்றே எல்லோரும் நினைப்பார்கள். அது பூமியின் நிழல். நாம் நிற்கும் பூமியே காற்றுமண்டலத்தின் மேல் போடும் நிழல். சூரியன் இறங்க இறங்க அந்த நிழல் மேலே ஏறும், இளஞ்சிவப்பு மெலியும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிடும். பௌர்ணமியை ஒட்டிய நாளாக இருந்தால் நிலா அந்த நிழலுக்குள்ளிருந்தே எழும்பி வரும்.

இதில் முன்னால் ஒரு படகை வைத்து வரைந்தால் அது மாலைக் கடற்கரைக் காட்சி. படகை எடுத்துவிட்டு, அந்த இரண்டு பட்டைகளை மட்டும் ஐந்தடி கேன்வாஸில் எடுத்துக்கொண்டால் நம் முன்னால் வரும் கேள்விகளே வேறு. நீலச் சாம்பல் எந்த இடத்தில் முடிகிறது? இளஞ்சிவப்பு அதன் மேல் படிகிறதா, இல்லை அடியிலிருந்து கசிகிறதா? கீழ்ப்பட்டை கனமாக இருக்க வேண்டும், ஆனால் இருட்டாக இருக்கக் கூடாது. அதற்குக் கறுப்பைக் கலந்தால் நிறம் செத்துவிடும். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்து, வெள்ளை விட்டுப் பாருங்கள். வரும் சாம்பலில் உயிர் இருக்கும். நீலத்தை ஒரு துளி கூட்டினால் குளிரும், சியன்னாவை ஒரு துளி கூட்டினால் சூடேறும். எல்லைக்கோடே இல்லாத அந்த நடு இடத்தைத் தூரிகையால் இழைப்பதா, உருளையால் உருட்டுவதா, துணியால் ஒற்றி எடுப்பதா என்று முடிவு பண்ணவே சில வாரம் போகும். இயற்கையைப் பார்த்து அரூபமாக வரைவது என்றால் பெரும்பாலும் இதுதான்: ஒரே ஒரு நேரத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் நிறத்துக்கும் எடைக்கும் விளிம்புக்கும் விடை தேடிக்கொண்டிருப்பது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கருப்பொருளை விடுவதற்கு முன்னால் அது கையில் இருக்க வேண்டும். உருவம் வரையத் தெரியாததால் அரூபத்துக்கு வருகிறவர்களின் படங்களில் ஓர் ஆட்டம் தெரியும், எந்தக் கோடும் எதையும் தாங்காது. ஓவியர் ஆதிமூலத்தைப் பாருங்கள். 1938இல் திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். முதலில் பேர் வாங்கிக் கொடுத்தவை கறுப்பு மையில் போட்ட கோட்டோவியங்கள். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி வரிசையைத் தமிழ் வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் எண்ணெய் வண்ணத்துக்கு வந்து, கத்தியால் நிறத்தைத் திட்டுத் திட்டாக அப்பி நிலத்தையும் வெளியையும் வரைந்தார். அந்தத் திட்டுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்குக் காரணம், முன்பு கோடு போட்டுப் பழகிய கை. ஓவியர் ராம்குமாருக்கும் இதே கதைதான். நகரத்து மனிதர்களை வரைந்துகொண்டிருந்தவர், 1960இல் காசிக்குப் போய்வந்த பிறகு அவர் படங்களிலிருந்து மனித உருவம் மெல்லப் போய்விட்டது. படித்துறையும் நீரும் கட்டடங்களும் தளங்களாக, பட்டைகளாக மாறின. உங்களுக்கு நிலக்காட்சி நன்றாக வருகிறது என்றால் நீங்கள் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள். அதை விட்டுவிட அவசரப்பட வேண்டாம்.

இனி வருடம். பருவம் ஓவியத்துக்குள் வருவது கண் வழியாக மட்டும் இல்லை. வெயிலும் ஈரமும் வண்ணத்தின் மேலேயே வேலை செய்கின்றன. எந்த மாதத்தில் எது காயும், எது காயாது, எதைச் சுரண்டலாம் என்பதே நம் வேலையின் போக்கைத் தீர்மானிக்கும். இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதிக் கஷ்டம் குறையும்.

கத்திரி வெயிலில் தொடங்குகிறேன். மே முதல் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை. தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் காய்வது அதில் உள்ள தண்ணீர் ஆவியாவதால். அந்த வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, தட்டில் பிழிந்த வண்ணம் கலந்து முடிப்பதற்குள் தோல் கட்டிவிடும். விடியற்காலையில் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. தட்டில் ஈரத்துணி விரித்து அதன் மேல் எண்ணெய்க் காகிதம் போட்டு வண்ணம் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தெளிப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆனால் இந்த வேகத்தில் ஒரு லாபமும் உண்டு. ஒரே காலையில் நான்கைந்து அடுக்கு போட முடியும், ஒவ்வொன்றின் விளிம்பும் கூர்மையாக நிற்கும். அக்ரிலிக்கில் வரைபவரின் கோடைப் படங்களில் வெட்டியது போன்ற விளிம்புகள் அதிகம் இருந்தால் அதில் வெயிலுக்கும் பங்கு உண்டு.

அதே கோடையில்தான் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும், உங்கள் வீட்டுப் பக்கத்தில் கடலூர் துறைமுகத்திலும் படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி, பழுது பார்த்து, வண்ணம் அடிப்பார்கள். ஓர் அரூப ஓவியருக்கு அந்த இரண்டு மாதம் பெரிய பாடம். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் படகுதான். ஒரு சாண் தூரத்துக்குக் குனிந்து, சுரண்டும் இடத்தைப் பாருங்கள். மேலே பச்சை. அது உரிந்த இடத்தில் முந்தைய நீலம், அதற்கு அடியில் எப்போதோ அடித்த மஞ்சள், அப்புறம் செங்காவி நிறத்தில் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, கடைசியில் மரமோ இரும்போ. ஒவ்வொரு நிறமும் தன் விளிம்பை மெல்லிய வரியாகக் காட்டிக்கொண்டு நிற்கும். விளிம்புகளிலும் இரண்டு வகை இருக்கும். உளி பட்ட இடம் கூராக இருக்கும். உப்பும் வெயிலும் தின்ற இடம் பொடிந்து, பக்கத்து நிறத்துக்குள் மங்கிப் போகும். காலம் கடந்தது என்பதை ஓர் உருவமும் இல்லாமல் காட்ட வேண்டுமா, அது அங்கே அப்படியே இருக்கிறது. வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்து ஒரு பலகையில் ஐந்து நிறத்தை ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசி, காய்ந்த பிறகு கத்தியால் சுரண்டியும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும், இரண்டு விளிம்பையும் தனித்தனியே வரவழைத்துப் பழகுங்கள். மேலே எதைப் பூசினோம் என்பதை விட அடியில் எதை வைத்தோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று கைக்குத் தெரிந்துவிடும்.

ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து காற்று, மாலையில் இடியோடு மழை. புழுதி பறக்கும். ஈர வண்ணத்தில் மண் ஒட்டும் என்பதால் பெரிய வேலைகளைத் திறந்த முற்றத்தில் வைக்க முடியாது. கேன்வாஸ் கட்டுவது, ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் போடும் வெள்ளைப் பூச்சு) பூசித் தேய்ப்பது எல்லாம் இந்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம்.

ஐப்பசி வந்ததும் எல்லாம் மாறும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை. இந்தக் கரைக்கு இதுதான் பெரிய பருவம், என் அபிப்பிராயத்தில் வருடத்திலேயே நல்ல நிறங்கள் கிடைப்பதும் இப்போதுதான். தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் வெள்ளத்தோடு மண்ணைக் கொண்டுவந்து கடலில் கொட்டும். கரையோரம் தேநீர் நிறத்தில் இருக்கும் கடல், கொஞ்ச தூரம் தள்ளிச் சாம்பல் பச்சையாக மாறும். இரண்டும் சந்திக்கும் கோடு நேராக இருக்காது, அலையும். வானம் மூடியிருப்பதால் நிழலே இருக்காது. நிழல் இல்லாத வெளிச்சத்தில் நிறங்கள் தங்கள் உண்மையான அளவில் தெரியும். வெயிலில் வெளிறித் தெரிந்த வேப்பிலைப் பச்சை, மழை மூட்டத்தில் எவ்வளவு ஆழமாகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

வண்ணமும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வது கிடையாது. அதில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. ஈரமும் குளிர்ச்சியும் வெளிச்சக் குறைவும் சேர்ந்தால் அது இழுத்துக்கொண்டே போகும். வெயில் காலத்தில் சில நாளில் தொடக்கூடிய மெல்லிய பூச்சு, அடைமழையில் வாரம் தாண்டியும் பிசுபிசுக்கும். அவசரக்காரர்களுக்கு இது தொல்லை. ஈரத்தின் மேல் ஈரமாக வரைகிறவர்களுக்கு வேண்டியது இதுவேதான். நேற்று வைத்த நிறத்துக்குள் இன்றைய நிறத்தை இழைக்கலாம், விளிம்பை நாலு நாள் கழித்தும் கலைக்கலாம். ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அடி அடுக்கில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முதலில் இறுகும், அடியில் இருப்பது பிறகு அசையும், சில வருடத்தில் படம் வெடிக்கும். எண்ணெய் வண்ணத்தை நீர்க்கச் செய்ய டர்பென்டைன் பயன்படுத்தினால் மழைக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் சாத்திவிடக் கூடாது, அந்த ஆவி நுரையீரலுக்கு ஆகாது.

மழைக்காலத்தில் பெரிய எதிரி பூஞ்சை. புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கேன்வாஸைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து வைத்தால் பின்பக்கம் கரும்புள்ளி விழுந்துவிடும். தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றுப் போக வைக்க வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்புப் பின்கள் ஒரே வருடத்தில் துருப்பிடித்துத் துணியைத் தின்னும். துருப்பிடிக்காத எஃகுப் பின் கொஞ்சம் விலை அதிகம், ஆனாலும் அதைத்தான் வாங்க வேண்டும்.

புயலைப் பற்றியும் சொல்லாமல் இந்தக் கரையின் பருவத்தைப் பேச முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகள் அடியோடு சாய்ந்தன. பல குடும்பங்களுக்கு அது ஒரு தலைமுறை வருமானம். மரம் வைத்து வளர்த்தவர்களின் இழப்புக்கு முன்னால் ஓவியம் பற்றிப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் இந்த மண்ணுக்காரர் என்பதால் சொல்கிறேன். அந்த நிலத்தில் அதுவரை நிமிர்ந்த கோடுகள் நிறைய இருந்தன. ஓர் இரவில் எல்லாம் படுக்கைக் கோடுகளாகிவிட்டன. தொடுவானம் மறைந்திருந்த இடங்களில் தொடுவானம் தெரிந்தது. வானம் திடீரென்று பெரிதாகி, மிகவும் கீழே இறங்கி வந்துவிட்டது. இதை விழுந்த மரங்களை வரைந்து காட்டினால் அது செய்திப் படம். மரமே இல்லாமல், கிடைக்கோடுகளையும் மேலிருந்து அழுத்தும் வெளிச்சத்தையும் மட்டும் வைத்து அந்தத் துக்கத்தைச் சொல்ல முடியுமா? அரூப ஓவியம் எதற்காக என்று யாராவது கேட்டால் நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியபோது தெருவெல்லாம் வெள்ளம். அந்த மாதிரி நாள்களில் ஓவியரின் வேலை படங்களைப் பரணில் ஏற்றுவதும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கை கொடுப்பதும்தான். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் நிற்கும் கோட்டைக் குறித்துக்கொள்வது அப்புறம்.

மார்கழி, தையில் ஊசுடு ஏரிக்கும் பாகூர் ஏரிக்கும் வலசைப் பறவைகள் வந்திருக்கும். அதிகாலைப் பனியில் தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகி, நடுவில் கரை மட்டும் மெல்லிய கோடாகத் தெரியும். நேரம் கிடைத்தால் போங்கள்.

மாசி, பங்குனியில் மண் காய்ந்துவிடும். என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, நிறத்துக்கு மண் எடுப்பது. ஆரோவில் மேட்டிலிருந்து உங்கள் ஊர் வரைக்கும் கிடைக்கும் செம்மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே கடலூர் மணற்கல். திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டு வயதுள்ள கல்மரங்கள் (கல்லாகிப்போன மரங்கள்) கிடப்பதும் இதில்தான். (அது பாதுகாக்கப்பட்ட இடம், அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.) இந்த மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. குழாயில் விற்கும் செங்காவி வண்ணத்தில் இருப்பதும் அதுவே. அதனால் வெளிச்சத்தில் மங்காது, எண்ணெயோடும் அக்ரிலிக்கோடும் சண்டை போடாது.

செய்முறை எளிது, பொறுமை மட்டும் வேண்டும். இரண்டு கைப்பிடி மண்ணை உடைத்துச் சலித்து, வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்குங்கள். அரை நிமிடம் விட்டால் மணல் கீழே இறங்கிவிடும். மேலே நிற்கும் செந்நிறத் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு ஊற்றி இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் தெளிந்த நீரை இறுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக ஒரு சேறு இருக்கும், விரலில் நெருடாது. இதைத் தண்ணீர் மாற்றி மாற்றி இன்னும் சில தடவை செய்ய வேண்டும். கடற்கரை மண்ணில் உப்பு இருக்கும், அதைக் கழுவாமல் விட்டால் பின்னால் படத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். பிறகு தட்டில் காயவைத்து, கல்வத்தில் அரைத்து, அக்ரிலிக் மீடியமோ ஆளிவிதை எண்ணெயோ விட்டுக் குழைக்கலாம். சில வெட்டுகளில் மஞ்சள் மண்ணும் கிடைக்கும். அதைச் சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய தோசைக்கல்லில் போட்டு அதிகத் தீயில் வறுத்தால், மஞ்சள் மெல்ல மெல்லச் செம்பழுப்பாகத் திரும்பும். சூட்டில் அதில் கட்டுண்ட நீர் வெளியேறுவதால் வரும் மாற்றம் இது. பர்ன்ட் சியன்னா என்று நாம் வாங்குவதும் இப்படிச் சுட்ட மண்தான்.

நெய்வேலி உங்கள் மாவட்டம் என்பதால் பழுப்பு நிலக்கரியை அரைத்து வண்ணமாக்கலாமா என்று தோன்றும். ஐரோப்பிய ஓவியர்கள் காசல் மண் என்ற பெயரில் பயன்படுத்திய பழுப்பு இதே வகையைச் சேர்ந்தது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் மங்கும், எண்ணெயில் காயவும் மறுக்கும். பயிற்சித் தாளில் போடலாம், விற்கும் படத்தில் வேண்டாம். அவுரி நீலமும் இந்தப் பக்கத்துச் சரக்குதான். பழைய தென்னார்க்காட்டில் அவுரி நிறையப் பயிரானது. அந்த நீலத்தில் சாயம் தோய்த்த புதுச்சேரித் துணி பிரெஞ்சு வணிகர்கள் வழியாக மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. அங்கே செனகலில் அதைக் கொடுத்துக் கருவேலம் பிசின் வாங்கினார்கள். நீர்வண்ணத்தில் நிறத்தைத் தாளோடு பிடித்துவைப்பதும் அதே வகைப் பிசின் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

அன்றாட வேலை என்று கேட்டீர்கள். தூரிகை பிடிக்கும் நேரம் அதில் குறைவு. சட்டம் அடிப்பது, துணி இழுத்துக் கட்டுவது, பூசுவது, தேய்ப்பது, கழுவுவது, அப்புறம் எதிரே உட்கார்ந்து பார்ப்பது. அரூப ஓவியர் வி.எஸ். கெய்தொண்டே இப்படி நெடுநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மிகக் குறைவான படங்களே வரைந்தவர். அவருடைய உருளையும் கத்தியும் செய்த மென்மையைப் பார்த்தால் அந்த நேரம் எங்கே போனது என்று தெரியும். தினமும் ஒரு நிறக் குறிப்பு எழுதும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்யும் காகிதம் இதற்கு நன்றாக இருக்கும். தேதி, நேரம், காற்றின் திசை, பார்த்த நிறத்தை அங்கேயே கலந்து வைத்த நாலு திட்டு, பக்கத்தில் எந்தெந்த நிறம் எவ்வளவு என்று ஒரு வரி. கைப்பேசிப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது வெள்ளையைத் தானாகச் சரிசெய்யும்போது, நமக்கு வேண்டிய மழைச் சாம்பலைத்தான் முதலில் தூக்கியெறிகிறது. இரண்டு வருடக் குறிப்பு சேர்ந்துவிட்டால் கார்த்திகையின் சாம்பலும் ஆடியின் சாம்பலும் ஒன்றில்லை என்று உங்கள் நோட்டே காட்டும்.

"இது என்ன படம், எனக்குப் புரியலையே" என்று வீட்டிலேயே கேட்பார்கள். கோபப்பட வேண்டாம். ஜவுளிக் கடையில் புடவையை வாசலுக்கு எடுத்துப் போய், பகல் வெளிச்சத்தில் விரித்து, உடல் நிறத்துக்குக் கரை நிறம் தூக்குகிறதா அமுக்குகிறதா என்று பார்க்கிறவர்கள்தான் அவர்கள். நிறத்தை நிறமாகப் பார்க்கும் கண் நம் வீடுகளில் நிறையவே இருக்கிறது. படத்தையும் அப்படி வாசல் வெளிச்சத்தில் வைத்து, "எந்த இடம் கனமா இருக்கு, எந்த இடம் உறுத்துது?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் நல்ல விமர்சனம் அங்கிருந்து வந்திருக்கிறது.

கடைசியாகப் பிழைப்பு. முடியும், ஆனால் படம் விற்றே உடனே வாழ முடியும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவானபோது, அந்த நிலத்துக்கான பணம் பெரிதும் ஓவியர்கள் பாட்டிக் துணிகள் செய்து விற்றதில் வந்தது. அச்சுதன் கூடல்லூர் பொறியாளராக அரசு வேலை பார்த்துக்கொண்டே வரைந்து, பின்னர் இந்தியாவின் முக்கியமான அரூப ஓவியர்களில் ஒருவரானார். கைத்தொழிலோ சம்பளமோ பக்கத்தில் இருப்பதில் கௌரவக் குறைவு எதுவும் கிடையாது. பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பது, துணி வடிவமைப்பு, சுவரோவியம் என்று எதையாவது வைத்துக்கொண்டு, காலை நேரத்தை மட்டும் உங்கள் படத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

புதுச்சேரியில் வாங்குகிறவர்கள் வருவது பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அதனால் கண்காட்சியை அப்போது வைத்து, அதற்கான படங்களை ஆவணிக்குள் வரைந்து முடித்துவிட வேண்டும்; எண்ணெய் வண்ணம் என்றால் இன்னும் முன்னதாக. கண்காட்சிக் கூடங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுப்பது வழக்கம், எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு படத்தைக் கொடுங்கள். கூடத்தில் ஒரு விலை, வீட்டில் ஒரு விலை என்று வைக்காதீர்கள், விஷயம் சீக்கிரம் தெரிந்துவிடும். மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் வரைந்தால் சுற்றுலா வருகிறவர்களிடம் உடனே விற்கும், அதைச் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையையும் உங்கள் சொந்த வரிசையையும் ஒரே சுவரில் மாட்டாதீர்கள்.

நீங்கள் கடலூரிலேயே இருப்பது நல்லதுதான். புதுச்சேரியின் வெள்ளை நகரப் பகுதி (பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு) வாடகையில் ஒரு பெரிய அறை எடுக்க முடியாது, பெரிய படத்துக்குப் பெரிய அறை வேண்டும். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு இரண்டு வருட உதவித்தொகை தருகிறது, ஓவியமும் அதில் உண்டு. படிப்பு முடியும் முன்பே விண்ணப்பத்துக்குத் தயாராகுங்கள். லலித் கலா அகாதெமியின் தேசியக் கண்காட்சிக்கும் படம் அனுப்புங்கள். சென்னைக்குப் போனால் சோழமண்டலத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் ஒரு முழு நாள் செலவிடுங்கள், அச்சில் பார்த்த படங்களின் மேற்பரப்பு நேரில் வேறு. உங்கள் படங்கள் ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் நேராக நிறுத்திப் படம் எடுத்து, அளவு, பொருள், வருடம் மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம், விற்பனை எதுவாக இருந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.